நுண்குழல் முளைக்கவில்லை, வளரவில்லை, நிற்கவில்லை: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடுவது

நுண்குழல் என்பது ட்யூபுலின் என்ற புரதம் கோத்துச் செல்லுக்குள் உருவாகும் மெல்லிய குழல். அதை வைத்துச் செய்யும் சோதனை கைகொடுக்காதபோது நாம் முதலில் சந்தேகப்படுவது கையிலுள்ள புதுப் புரதத்தைத்தான். ‘இது நுண்குழலைக் குறைக்கிறது’ என்று நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் படமும் காட்டிவிடுகிறோம். எதைக் குறைக்கிறது? புதிதாகப் பிறக்கும் குழல்களின் எண்ணிக்கையையா, வளரும் வேகத்தையா, சரியாமல் நிற்கும் நேரத்தையா? ஒரே மங்கலான படத்துக்கு இந்த மூன்றில் எதுவும் காரணமாகலாம். பக்கத்தில் இருக்கும் ஐஸ் பெட்டியும் காரணமாகலாம்.

சுத்திகரித்த ட்யூபுலினைச் சோதனைக் குழாயில் வைத்து வேலை செய்பவர்களுக்கு முதல் பாதி. செல்களை வளர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் நேராக இரண்டாம் பாதிக்குப் போகலாம். ஆனால் அடுத்து வரும் நான்கு பத்திகளை இருவருமே படித்துவிடுங்கள்.

## யார் எந்த வேலையைப் பார்க்கிறார்கள்

ஆல்ஃபா, பீட்டா ட்யூபுலின்கள் சேர்ந்த இரட்டைதான் அடிப்படை அலகு. நீளம் 8 நானோமீட்டர். செல்லுக்குள் வழக்கமாக 13 இழைகள் பக்கவாட்டில் ஒட்டி, சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள குழலாகின்றன. அப்படியானால் ஒரு மைக்ரோமீட்டர் வளர 1625 இரட்டைகள் வேண்டும். பீட்டாவில் இருக்கும் குவானோசின் ட்ரைபாஸ்பேட் என்ற ஆற்றல் மூலக்கூறு, குழலில் சேர்ந்த சற்று நேரத்தில் டைபாஸ்பேட்டாக உடைகிறது. நுனியில் உடையாத ட்ரைபாஸ்பேட் தொப்பி இருக்கும்வரை குழல் வளரும், தொப்பி போனால் சரியும். டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் 1984ல் விவரித்த இந்தக் குணத்துக்கு வேறு எந்தப் புரதத்தின் துணையும் வேண்டாம். ட்யூபுலின் தனியாகவே வளரும், சரியும், மறுபடி வளரும்.

மற்ற புரதங்கள் இதன் மேல் வந்து உட்காருகின்றன. புதுக் குழலைத் தொடங்கிவைப்பது காமா ட்யூபுலின் வளையம். 14 காமா ட்யூபுலின்களும் ஜிசிபி2 முதல் ஜிசிபி6 வரையான புரதங்களும் சேர்ந்த, 2 மெகாடால்டனுக்கு மேல் எடையுள்ள பெரிய கூட்டமைப்பு அது. பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். உறை இல்லாமலும் பால் ஒருநாள் திரியும், ஆனால் எங்கே எப்போது என்பது நம் கையில் இருக்காது.

வேகத்தைக் கூட்டுவது எக்ஸ்மேப்215 குடும்பம், மனிதரில் அதன் பெயர் சிஎச்-டாக். வளரும் நுனியைக் கண்டு ஒட்டிக்கொள்வது ஈபி1. சரிந்துகொண்டிருக்கும் குழலை மீட்பது கிளாஸ்ப். நுனியைப் பிரித்துப்போடுவது எம்கேக். நடுவில் வெட்டுவது கேட்டனினும் ஸ்பாஸ்டினும். இரட்டைகளைப் பிடித்துவைத்து யாருக்கும் கிடைக்காமல் செய்வது ஸ்டாத்மின்.

இவற்றில் எதைத் தொட்டாலும் கடைசியில் ‘குழல் குறைவு’ அல்லது ‘குழல் அதிகம்’ என்றுதான் படம் சொல்லும். அதனால் படத்தை நம்பாதீர்கள், காணொளியை நம்புங்கள் என்பது என் கட்சி.

## குழாயில்: கலங்கல் கோடு எழும்பவே இல்லை

குழல் பெருகினால் கரைசல் கலங்கும். அதற்காக 340 அல்லது 350 நானோமீட்டரில் ஒளி தடைபடுவதை அளக்கிறீர்கள், அரைமணி நேரமாகக் கோடு தரையோடு தரையாக ஓடுகிறது. முதலில், குழலை நிலைநிறுத்தும் மருந்தான டாக்சால் போட்டு ஒரு குழாய் தனியாக வையுங்கள். டாக்சால் ட்ரைபாஸ்பேட் இல்லாமலேகூட ட்யூபுலினைக் கோத்துவிடும். அதிலும் கோடு எழவில்லை என்றால் ட்யூபுலின் செத்துவிட்டது, அல்லது கருவி சூடாகவில்லை. எழுந்தால் ட்யூபுலின் உயிரோடு இருக்கிறது, சிக்கல் தொடக்கத்தில்.

ட்யூபுலின் செத்ததற்குப் பெரும்பாலும் உறைவித்த விதமே காரணம். திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து −80 டிகிரியில் வைத்தது நன்றாக இருக்கும். உருக்கி மீதியை மறுபடி உறையவைத்தது இருக்காது. சிறு சிறு பங்காகப் பிரித்து வைப்பதற்குச் சோம்பல்பட்டால் விலை அதிகம்.

சூடு பற்றி: திரையில் 37 என்று காட்டுவது கருவியின் தட்டு, உங்கள் குழி அல்ல. ஐஸிலிருந்து எடுத்த தட்டை அப்படியே உள்ளே தள்ளினால் முதல் சில நிமிடங்கள் வீண்.

உயிர் இருந்தும் எழவில்லை என்றால் செறிவைப் பாருங்கள். விதை (முன்பே வளர்த்து வைத்த குட்டைக் குழல் துண்டு) எதுவும் இல்லாமல் தானாகக் குழல் பிறக்க 20 மைக்ரோமோலார் அளவில் ட்யூபுலின் வேண்டும். மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்பது 9 முதல் 10 மைக்ரோமோலார்தான். அப்படியானால் ‘ஒரு மில்லிகிராம் போட்டேன், எழவில்லை’ என்பது பிழையே அல்ல, எதிர்பார்க்க வேண்டியது. 10 சதவீதம் கிளிசரால் சேர்த்தால் தொடக்கம் எளிதாகும். ஏற்கெனவே விதை இருந்தால் இதைவிட மிகக் குறைந்த செறிவிலேயே நீளும்.

அப்புறம் கால்சியம். 1972ல் ரிச்சர்ட் வைசன்பெர்க் முதன்முதலாகக் குழாயில் நுண்குழலை வளர்த்தபோது திறவுகோலாக இருந்தது ஈஜிடிஏ சேர்த்துக் கால்சியத்தைக் கட்டிப்போட்டதுதான். இன்றும் வழக்கமான பஃபர் அதன் வாரிசு: 80 மில்லிமோலார் பைப்ஸ், 1 மில்லிமோலார் மக்னீசியம், 1 மில்லிமோலார் ஈஜிடிஏ, பிஎச் 6.8 அல்லது 6.9. உங்கள் புதுப் புரதம் கால்சியம் கலந்த பஃபரில் வந்திருந்தால், பிஎச் 8ல் சேமித்திருந்தால், உப்பு அதிகமாக இருந்தால், அதைச் சேர்த்ததும் கோடு படுத்துவிடும். புரதம் இல்லாமல் அதன் பஃபரை மட்டும் அதே அளவு சேர்த்து ஒரு குழாய் ஓடவிடாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். இதைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கட்டுப்பாட்டுக்கு எதிர்ப்புறமும் ஒன்று வேண்டுமே. அதற்குக் கால்ச்சிசின் நல்லது, கோடு எழாது. தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடும் செங்காந்தளில் இருப்பதும் இதே கால்ச்சிசின்தான். நம் மாநில மலர் ட்யூபுலினுக்கு எமன்.

## கோடு தாமதமே இல்லாமல் எழுகிறது

சாதாரணமாக முதலில் ஒரு தட்டையான தாமதம், பிறகு ஏற்றம், பிறகு சமநிலை என்று வர வேண்டும். தாமதம் காணாமல் போனால் இரண்டு வழி. ஒன்று, உங்கள் புரதம் உண்மையிலேயே தொடங்கிவைக்கிறது. இன்னொன்று, உள்ளே ஏற்கெனவே புரதம் கண்டபடி திரண்ட கட்டிகள் இருக்கின்றன.

பிரித்தறிவது சுலபம். முடிவில் குழாயை ஐஸில் வைத்து மறுபடி அளங்கள். நுண்குழல் குளிரில் கரையும், கலங்கல் இறங்கும். இறங்காவிட்டால் அது கட்டி. ஒரு விதிவிலக்கு உண்டு: மேப்6 போன்ற குளிர்தாங்கும் புரதங்கள் இருந்தால் உண்மையான குழலும் கரையாது. கட்டி என்று தெரிந்தால், ட்யூபுலினை உருக்கியதும் 4 டிகிரியில் அதிவேக மையவிலக்கியில் சுற்றி, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். அப்படிச் செய்த பிறகு செறிவை மறுபடி அளக்க வேண்டும், சீசாவில் எழுதியிருப்பது இனி பொய்.

கோடு குதிக்கிறது, முள்முள்ளாக இருக்கிறது என்றால் குமிழி அல்லது குவெட்டின் வெளிப்புறம் பனித்திருப்பது. துடைத்தால் போதும், யோசிக்க வேண்டாம்.

உயரத்தை வைத்தும் ஏமாறலாம். உங்கள் புரதம் குழல்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்தால் குழலின் அளவு கூடாமலே கலங்கல் கூடும். சந்தேகம் வந்தால் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள், அல்லது சூடான மையவிலக்கியில் சுற்றிப் படிவில் எவ்வளவு ட்யூபுலின் என்று ஜெல் ஓட்டுங்கள்.

## காமா வளையம் சேர்த்தும் எண்ணிக்கை கூடவில்லை

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பாடநூல் படத்தில் வளையம் ஒரு சரியான அச்சு, அதன் மேல் 13 இழைகள் கச்சிதமாக எழும்புகின்றன. 2020ல் வெளிவந்த குளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அந்த நம்பிக்கையைக் குலைத்தன. சுத்திகரித்த வளையம் திறந்து, கோணலாக, 13 இழைக் குழலின் வடிவத்தோடு பொருந்தாமல் கிடந்தது. உள்ளே ஒரு ஆக்டின் மூலக்கூறும் உட்கார்ந்திருந்தது, யாரும் எதிர்பார்க்காத விருந்தாளி. குழல் வளரத் தொடங்கும்போது வளையம் மூடிக்கொள்வதை 2024ல் வந்த கட்டமைப்புகள் காட்டின. ஆகவே வளையம் தனியாக இருக்கும்போது மந்தமாக வேலை செய்வது உங்கள் சுத்திகரிப்பின் குறையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. அதன் சுபாவமே அப்படி. கண்ணாடியில் ஒட்டவைத்த வளையங்களில் சிறு பங்கு மட்டும் குழல் தந்தால் கவலைப்படாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, கண்ணில் தெரியும் குழல்கள் வளையத்திலிருந்து வந்தவையா என்பதையே. வளையம் குழலின் எதிர்மறை முனையை, அதாவது இரு முனைகளில் மெதுவாக வளரும் முனையை, மூடிவைக்கிறது. அதனால் அதிலிருந்து பிறந்த குழல் ஒரு முனையில் மட்டுமே வளரும், மறு முனை கண்ணாடியில் வைத்த இடத்தை விட்டு நகராது. இரு முனையும் வளர்ந்தால் அது தானாகப் பிறந்து வந்து ஒட்டியது. கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எண்ணிய எண்ணிக்கையை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்தது ட்யூபுலின் செறிவு. 10 மைக்ரோமோலாரைச் சுற்றி வைத்தால் வளையத்தால் ஏற்படும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 25க்குப் போனால் தானாகப் பிறப்பவை மூழ்கடித்துவிடும். 4ல் வைத்தால் வளையத்திலிருந்தும் எதுவும் வராது.

செறிவு சரி, இன்னும் மந்தம் என்றால் துணையைச் சேருங்கள். எக்ஸ்மேப்215 வேகம் கூட்டும் புரதம் என்றுதான் வெகுகாலம் பெயர். 2018ல் தவளை முட்டைச் சாறிலும் ஈஸ்ட்டிலும் நடந்த வேலைகள், அது காமா ட்யூபுலினோடு கைகோத்துத் தொடக்கத்தையே தூக்கிவிடுவதைக் காட்டின. இதில் ஒரு பொறியும் இருக்கிறது. எக்ஸ்மேப்215 சேர்த்ததும் எண்ணிக்கை கூடியது என்றால், தொடக்கம் கூடியதா, அல்லது முன்பு பிறந்து கண்ணுக்குத் தெரியும் நீளம் வருமுன் சரிந்தவை இப்போது தப்பித்தனவா? குழல்கள் தோன்றும் நேரத்தையும் அவற்றின் வளர்வேகத்தையும் தனித்தனியாக வரைந்தால்தான் பதில் கிடைக்கும்.

சிடிகே5ஆர்ஏபி2 என்ற புரதத்தின் சிறு துண்டு வளையத்தைத் தூண்டும் என்ற அறிக்கை 2010ல் வந்தது. பின்னர் சில ஆய்வுக்கூடங்கள் தூண்டல் பெரிதாக இல்லை என்றன, சில உண்டு என்றன. இதே துண்டைத் தூண்டில் போலப் பயன்படுத்தி வளையத்தைப் பிடிப்பவர்களும் உண்டு. நீங்களும் அப்படிப் பிடித்திருந்தால், துண்டு இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது என்பதை மறந்து, மறுபடி அதையே சேர்த்து ‘விளைவு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

## நன்றாக வளர்ந்தது, ஒளி பட்டதும் உடைகிறது

கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் லேசரால் ஒளிரவைக்கும் டிர்ஃப் நுண்ணோக்கியில் இது அன்றாடத் தொல்லை. ஒளிரும் சாயம் ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் சேதம். நீங்கள் ஆராய்வது கேட்டனினாக இருந்தால் இந்த உடைப்பை வெட்டு என்றே எண்ணிவிடுவீர்கள். படம் எடுக்காத பக்கத்து இடத்துக்கு நகர்ந்து பாருங்கள். அங்கே குழல் முழுதாக இருந்தால் குற்றவாளி லேசர்.

மருந்து: லேசரைக் குறைப்பது, படங்களுக்கு இடையே இடைவெளி விடுவது, குளுக்கோஸ் ஆக்சிடேஸ்–கேட்டலேஸ் கலவை, கூடவே பீட்டா மெர்காப்டோஎத்தனால். கலவையைப் புதிதாகச் சேருங்கள். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வேலை செய்யச் செய்ய குளுக்கோனிக் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்கும். முதல் பத்து நிமிடம் அருமை, பிறகு எல்லாம் விசித்திரம் என்றால் அதுவாக இருக்கலாம். சாயம் ஏற்றிய ட்யூபுலின் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் போதும். படம் பளிச்சென்று வேண்டும் என்ற ஆசையில் கூட்டினால் வளர்ச்சியே கெடும்.

வேகம் நாளுக்கு நாள் மாறினால் லென்ஸைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் லென்ஸ் கண்ணாடியிலிருந்து சூட்டை உறிஞ்சும். மேடையை மட்டும் சூடாக்கினால் போதாது, லென்ஸுக்கும் சூடேற்றி வேண்டும்.

## வளர்கிறது, சரியவே மாட்டேன் என்கிறது

முந்தைய சோதனையின் டாக்சால் குழாயிலோ ஓட்ட அறையிலோ மிச்சமிருக்கிறதா? கிளிசரால் இருக்கிறதா? ஜிஎம்பிசிபிபி விதையையே குழல் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அது குவானோசின் ட்ரைபாஸ்பேட்டுக்கு எளிதில் உடையாத பதிலி, அதில் வளர்ந்த குழல் சரியாது. மூளையிலிருந்து சூடு–குளிர் சுழற்சியில் மட்டும் எடுத்த ட்யூபுலினில், குழலை நிலைப்படுத்தும் புரதங்களான டாவும் மேப்2வும் கூடவே வரும். பாஸ்போசெல்லுலோஸ் நிரலில் ஓட்டி அவற்றைப் பிரித்தால் சரிவு திரும்பி வரும்.

## ஈபி1 நுனியில் நிற்காமல் முழுக் குழலிலும் பூசுகிறது

பெரும்பாலும் ஈபி1 அதிகம், அல்லது உப்பு குறைவு. ஈபி1 அளவைக் குறையுங்கள், பொட்டாசியம் குளோரைடைச் சற்றே கூட்டுங்கள். ஜிஎம்பிசிபிபி குழலில் பூசுவது போலத் தெரிந்தால் அது பிழை அல்ல. செல்லுக்குள் பச்சையாக ஒளிரும் புரதம் கோத்த ஈபி1ஐ அதிகம் உண்டாக்கினாலும் இதேதான் நடக்கும், மிகக் குறைவாக ஒளிரும் செல்லைத் தேடிப் படம் எடுங்கள். ஈபி1 தனியாக வளர்வேகத்தைக் கொஞ்சம்தான் மாற்றும், சரிவை அடிக்கடி ஆக்கும். எக்ஸ்மேப்215ம் கூட இருந்தால் கதை வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் குழாயில் நிமிடத்துக்கு ஓரிரு மைக்ரோமீட்டராக இருக்கும் வேகம், செல்லுக்குள் பார்க்கும் 10, 20 மைக்ரோமீட்டர் பக்கம் போகிறது.

## செல்லில்: நுண்குழல் துண்டுதுண்டாகத் தெரிகிறது, அல்லது இல்லவே இல்லை

மரபணுவைக் குற்றம் சொல்லுமுன் பாட்டிலைப் பாருங்கள். குளிர்ந்த உப்புக் கரைசலில் கழுவினீர்களா? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் ஒரு நிமிடத்தில் செய்வதை எந்தப் புரதத்தை அகற்றியும் செய்ய முடியாது. கரைசலில் கால்சியம் இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். கழுவுவதையே விட்டுவிட்டு, ஊடகத்தை ஊற்றிவிட்டு நேராக −20 டிகிரி மெத்தனாலைச் சேர்ப்பது இன்னும் நல்லது.

குளிர் கூடாது என்று சொல்லிவிட்டு −20 மெத்தனாலா என்று கேட்கலாம். மெத்தனால், குழல் கரைவதற்குள் புரதத்தைத் திரளவைத்து அப்படியே நிறுத்திவிடும், அதுதான் வித்தியாசம். அறைவெப்பத்துப் பாராஃபார்மால்டிஹைடு மட்டும் போட்டால் மெதுவாகப் பிணைக்கும், அதற்குள் நுனிகள் போய்விடும். ஈபி1 வால்மீன் போலத் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. குழலின் வடிவம் அப்படியே வேண்டுமென்றால் சூடான பைப்ஸ் பஃபரில் சிறிது குளுட்டரால்டிஹைடு. அதன் தன்னொளிர்வைச் சோடியம் போரோஹைட்ரைடால் அடக்க வேண்டியிருக்கும்.

## மருந்தைக் கழுவியபின் சென்ட்ரோசோமிலிருந்து முளைக்காமல் அங்கங்கே முளைக்கிறது

நோகோடசோல் என்ற மருந்தால் எல்லாக் குழல்களையும் கரைத்து, பிறகு அதைக் கழுவி, எங்கிருந்து முளைக்கிறது என்று பார்க்கும் சோதனை. வழக்கமாக முளைப்பது சென்ட்ரோசோம் என்ற, செல்லின் குழல் மையத்திலிருந்து. அங்கங்கே சிறு சிறு குழல்கள் தெரிந்தால், முதலில் கழுவுமுன் எடுத்த செல்லைப் பாருங்கள். கரையாமல் நின்ற நிலைத்த துண்டுகள்தான் ‘முளை’ போலத் தோன்றுகின்றனவா? அப்படியானால் நோகோடசோலோடு ஐஸும் சேருங்கள்.

முழுதாகக் கரைந்தபின்னும் அங்கங்கே முளைத்தால், கோல்ஜியை இன்னொரு நிறத்தில் சாயமிடுங்கள். ஏகேஏபி450 என்ற புரதம் காமா வளையத்தைக் கோல்ஜியில் நிறுத்துகிறது, கிளாஸ்ப் அங்கே பிறப்பவற்றைக் காப்பாற்றுகிறது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஆர்பிஇ1 என்ற மனிதச் செல்களில் இது சிறு பங்கு அல்ல. ஐஸில் கழுவி, சூடான ஊடகத்தை ஊற்றிய நொடியிலிருந்து கடிகாரத்தை ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் எல்லாம் பின்னிப்போய் எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

## காமா ட்யூபுலினை அகற்றியும் செல் நிறைய நுண்குழல்

இது அறிகுறியே அல்ல என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த அறிகுறி. முதலில் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டிப் புரதம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், காமா ட்யூபுலின் எளிதில் தீராத புரதம். மனிதருக்கு இரண்டு மரபணுக்கள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டின் புரதமும் போய்விட்டது என்று உறுதியானாலும், செல்லில் நிற்கும் குழல்களின் எண்ணிக்கை என்பது பிறப்புக்கும் இறப்புக்கும் இடையிலான மீதி. பிறப்பு குறைந்தால் இரட்டைகள் மிச்சப்படும், இருப்பவை நீளும், காம்சாப் என்ற புரதம் எதிர்மறை முனைகளைக் காக்கும். மொத்தத்தில் படம் ‘சாதாரணம்’. காமா ட்யூபுலினை வேகமாக அழித்த மனிதக் குடல்புற்றுச் செல்களிலும் குழல்கள் பிறந்துகொண்டேயிருந்தன. தாமதமாக, சிஎச்-டாக், கிளாஸ்ப் போன்றவற்றின் உதவியோடு.

அதனால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். கரைத்துவிட்டு முதல் முளை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அளங்கள். ஈபி1 வால்மீன்களின் எண்ணிக்கையும் வேகமும் தனித்தனியாக வேண்டும். எண்ணிக்கை குறைந்து வேகம் கூடினால் பிறப்பில் குறை. இரண்டும் சேர்ந்து குறைந்தால் கிடைக்கும் ட்யூபுலினே குறைவு. ஸ்டாத்மின் பக்கம் பாருங்கள்.

## கதிர்கோல் ஒழுங்காக இல்லை

கதிர்கோல் என்பது செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்துவைக்கும் நுண்குழல் அமைப்பு. ஒற்றைத் துருவம்: கைனசின்-5 என்ற இயக்கப் புரதம் வேலை செய்யவில்லை. அதைத் தடுக்கும் மோனாஸ்ட்ரால் என்ற மருந்து 1999ல் காட்டியது இதைத்தான், அதையே ஒப்பீட்டுக்கு வையுங்கள். பல துருவங்கள்: சிஎச்-டாக் குறைந்தால் வரும். ஆனால் சென்ட்ரோசோமின் நடுவிலிருக்கும் சென்ட்ரியோலை எண்ணாமல் அப்படிச் சொல்லாதீர்கள், முந்தைய செல்பிரிவு தோற்ற செல்லில் எப்படியும் சென்ட்ரோசோம்கள் இரட்டிப்பாக இருக்கும்.

கதிர்கோல் வடிவம் சரி, உடல் மெலிந்து, குரோமோசோம்கள் வரிசைப்படத் திணறினால் ஆக்மின் ஞாபகம் வர வேண்டும். எட்டுப் புரதங்கள் சேர்ந்த இந்தக் கூட்டமைப்பு 2008 வாக்கில் பழ ஈச் செல்களில் அடையாளம் காணப்பட்டது. இருக்கும் குழலின் பக்கவாட்டில் காமா வளையத்தை நிறுத்தி, அதே திசையில் கிளையை முளைக்கவிடுகிறது. காமா ட்யூபுலினுக்குச் சாயமிட்டுப் பாருங்கள். துருவங்களில் இருக்கிறது, கதிர்கோல் உடலில் மட்டும் இல்லை என்றால் ஆக்மின். இரண்டு இடத்திலும் இல்லை என்றால் வளையத்தை அழைத்துச் செல்லும் நெட்1 பக்கம் தேடுங்கள். ஒப்பிடும்போது இரு தரப்பிலும் குரோமோசோம்கள் நடுவில் வரிசைப்பட்ட செல்களை மட்டும் எடுங்கள், பாதியில் நிற்கும் செல்லில் கதிர்கோல் எப்படியும் மெலிவாகத்தான் தெரியும்.